கொட்டகையில் கேட்ட மூன்று சிரிப்பு

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நிஜமாகச் சிரிக்கிறாரா, பொய்யாகச் சிரிக்கிறாரா என்று காதால் கேட்டே உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வந்த புதுசு. சாத்தூர்ப் பக்கத்தில் செங்கமலமும் அவள் புருஷனும் டென்ட் கொட்டகை நடத்தினார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு டிக்கெட் கிழிக்கிறவள் அவள்தான். சேலத்துப் பட முதலாளி ஒருவர் மூன்று சின்னப் படங்களை அனுப்பி, "யார் படத்துக்கு உங்கள் ஜனம் மனசாரச் சிரிக்கிறதோ அவர் பேரைச் சொல்லம்மா. என் பேசும்படத்தில் காமெடியன் அவர்தான்" என்று சொல்லிவிட்டிருந்தார். மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் பிழைப்புக்கு வழி. ஊமைப்படத்தில் நடித்த இருவருக்கு இனி அங்கே வேலை இல்லை. மூன்றாமவனுடைய நாடகக் கம்பெனியோ சினிமா வந்ததும் காற்று வாங்கியது.

படங்கள் புத்தம் புதியவை. எந்த ஊரிலும் ஓடாதவை. மூன்று நடிகர்களும் கூடவே வந்திறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் ஆண்கள் பக்கத்து பெஞ்சில் முன்பின் தெரியாத வெளியூர்க் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததுமே செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. "என்னங்க, இவங்க படம் பாக்க வந்த மாதிரி இல்ல. கூலி வேலைக்கு வந்த மாதிரி இருக்காங்க" என்றாள் புருஷனிடம்.

"டிக்கெட் வாங்கியிருக்காங்கல்ல, பேசாம இரு" என்றார் அவர்.

அவள் பேசாமல்தான் இருந்தாள். காதை மட்டும் மூடவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த தடுப்புச் சுவரோரம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

முதல் படம் மாசிலாமணியுடையது. விழுவதில் மன்னன் அவர். தலையில் பானையை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். மேல்படியில் எண்ணெய் கொட்டிக் கிடப்பது நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. அவர் காலைத் தூக்கும்போதே கொட்டகை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. விழுந்தபோது கூரை பறந்தது.

அடுத்து தருமலிங்கம். எந்நேரமும் ஒரே முகம், கல்லில் செதுக்கின மாதிரி. மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறவரின் கழுத்து மாலையை ஆடு ஒன்று தின்கிறது. அவர் ஆட்டைப் பார்க்கிறார், பிறகு நம்மைப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றுமில்லை. கொட்டகையிலும் சத்தமில்லை. எங்கோ ஒரு பெண் களுக்கென்றாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் அத்தனை பேரும். சிரித்து ஓயும் வரை அந்த மனுஷன் திரையில் அசையாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக நாடகத்து பபூன் சங்கிலிமுத்து. முதல் இரண்டும் ஊமைப்படம், இது மட்டும் பேசும்படம். மோர்க்காரனாக வருகிறான்.

"என்னய்யா, மோர் தண்ணியா இருக்கு?"

"குடத்தக் கழுவின தண்ணி சாமி. பாவம், எங்க போகும்னு உள்ளேயே இருக்கச் சொல்லிட்டேன்."

இப்படியே வாய் ஓயாமல் பேச்சு. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே தும்மத்தான் நேரம் இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் பெஞ்சுக் கூட்டம் 'ஹஹ்ஹா' என்று சிரித்து, அடுத்த பேச்சு வாயை விட்டு வருவதற்குள் கப்பென்று நிறுத்தியது. ஒரு தரம்கூடத் தப்பவில்லை. மணலில் இருந்த பெண்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டி, இப்ப என்ன சொன்னான்?" என்று ஒருத்தி கேட்க, "நீ சிரிச்ச சிரிப்புல எனக்கு எங்கட்டி காது கேட்டுச்சு?" என்றாள் மற்றவள்.

படம் முடிந்ததும் சண்டை தொடங்கியது.

"யக்கா, விழுறதுக்கு முன்னாலேயே சிரிக்கிறாங்களே, அது எப்படி? மாசிலாமணி அண்ணாச்சி ஆள் வச்சிருக்காரு!" என்றான் சங்கிலிமுத்து.

"நான் ஏண்டா ஆள் வைக்கேன்? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து, யோசிச்சு யோசிச்சுச் சிரிச்சாங்களே தருமலிங்கத்துக்கு, அதுதான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு" என்றார் மாசிலாமணி.

தருமலிங்கம் இருவரையும் அதே முகத்தோடு பார்த்தார். மாசிலாமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என் படத்துல ஒரு வார்த்த கூட விடாம கேட்டுச் சிரிச்சாங்க பாருங்க, அதுதான்க்கா ரசனை" என்று நெஞ்சைத் தட்டினான் சங்கிலிமுத்து. "ஆமா, அவனுக்குத்தான் ஒழுங்கான சிரிப்பு" என்றார் செங்கமலத்தின் புருஷனும்.

இதில் ஆள் வைத்தவர் யார்? செங்கமலம் யார் பேரைச் சொல்லியிருப்பாள்? நீங்கள் சொல்லுங்கள்.

ஆள் வைத்தது சங்கிலிமுத்துதான். எண்ணெய் கண்ணில் பட்டால் விழுமுன்னே சிரிப்பு வரும், முகம் ஒன்றும் சொல்லாவிட்டால் தாமதமாக வரும், இரண்டுமே இயற்கை. ஆனால் நிஜமாகச் சிரிக்கிறவனுக்கு அடுத்த பேச்சு காதில் விழாது, பெண்கள் பக்கம் நடந்தது அதுதான். எங்கே நிறுத்த வேண்டும் என்று பெஞ்சுக் கூட்டத்துக்குத் தெரிந்ததென்றால், யாரும் பார்க்காத அந்தப் படத்தின் பேச்சை, அதில் பேசினவனே அவர்களுக்கு முன்னமே சொல்லிக்கொடுத்திருக்கிறான். பாலுக்காகப் பொய்யாக அழுகிற பிள்ளைகூட நடுநடுவே நிறுத்தி, அம்மா வருகிறாளா என்று பார்க்கும். செங்கமலம் சொன்ன பேர் தருமலிங்கம். சிரிப்பவர்களுக்காகக் காத்து நிற்கத் தெரிந்தவர் அவர். பேசும்படத்துக்கு வேண்டியது அதுதான், இல்லாவிட்டால் அடுத்த பேச்சு சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப்போகும். தலை குனிந்து நின்ற சங்கிலிமுத்துவிடம் அவள் சொன்னாள்: "ஒன் பேச்சு நெசமாவே நல்லாத்தான் இருக்கு, தம்பி. இனிமே ஆள் மட்டும் வைக்காத. பேசி முடிச்சதும் ஒரு மூச்சு நில்லுப்பா, நாங்க சிரிச்சுக்கிடுதோம்."