ஜமீன்தார் கொடுத்த கயிறு

ஜமீன் மாளிகைக் கூரைமேல் பட்டுப்போன இலுப்பைக் கொப்பு ஒன்று தொங்கியது. அதை வெட்ட ஏறிய மாயன் போன மாசம்தான் விழுந்து செத்தான். "குடிச்சுட்டு ஏறினான், கால் வழுக்கிடுச்சு" என்றார் ஜமீன்தார். எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்?

அடுத்து இன்னொரு மரமேறியான சடையாண்டியைப் பிடித்து வந்தார்கள். "பொழுது சாயுறதுக்குள்ள கொப்பு கீழ வரணும். இல்லேன்னா உன் குடிசை இருக்காது" என்று மாயன் ஏறிய அதே கயிற்றை ஜமீன்தார் வீசினார். புதுக் கயிறு வாங்கினால் பழையது அறுந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

சடையாண்டி கயிற்றைத் தடவிப் பார்த்தான். நடுவில் துணி சுற்றியிருந்தது, உள்ளே முடிச்சு. சொன்னால் சவுக்கடி, ஏறினால் சாவு.

கும்பிட்டபடியே சொன்னான்: "ஏறிடுறேன் சாமி. ஆனா எங்க தொழில்ல ஒரு வழக்கம். கயிறு குடுத்தவுகதான் முதல்ல அதுல ஓராள் உயரம் தொங்கி இறங்கணும்."

ஊரே சுற்றி நின்று பார்த்தது. மறுத்தால் குட்டு வெளிப்படும். ஜமீன்தார் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். கயிற்றைப் பச்சைக் கொப்பு ஒன்றில் போட்டு, ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஊர்க்காரர்கள் இழுத்தார்கள்.

ஓராள் உயரம் போனதும் துணிக்குள் 'முறுக்' என்றது.

"இறக்குங்கடா! அது மாயனோட அறுந்த கயிறுடா!" என்று அலறினார் ஜமீன்தார்.

இழுத்துப் பிடித்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்தையிலிருந்து புதுக் கயிறு வந்து சேரும்வரை அவரை யாரும் இறக்கவில்லை.