காம்போடு வந்த பழம்

ஒரு காட்டில், மழை ஓயாத மலைச்சரிவில், உயரமான மரப்பொந்துக்குள் அம்மா இருவாட்சி இரண்டு குஞ்சுகளோடு அடைந்து கிடந்தாள். இருவாட்சிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? குஞ்சு வளரும்வரை தாய்ப்பறவை பொந்தின் வாயை மண்ணால் பூசிக்கொண்டு உள்ளேயே இருக்கும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விடும். அதன் வழியே தந்தைப்பறவை பழம் ஊட்டும்.

இந்தப் பொந்தில் மட்டும் கீற்று இல்லை, பெரிய ஓட்டை. ஏனென்றால் அப்பா இருவாட்சி மகா சோம்பேறி. அத்திப்பழத்தைக் காம்பும் குச்சியுமாக ஒடித்து, குறுக்கே கவ்விக்கொண்டு வருவார். நுழையாது. "வாசலைப் பெரிசாக்கு!" என்பார். போன வருஷம் அவருக்காக விட்ட அகலத்தை இந்த வருஷமும் விட்டிருந்தாள்.

ஒரு மாலை, அந்த ஓட்டை வழியே மரநாயின் கை உள்ளே வந்தது. சின்னக் குஞ்சின் முதுகை நகம் கீறியது. அம்மா கொத்திய கொத்தில் கை வெளியே போனது.

அவளுக்கு இறகு உதிர்ந்திருந்த காலம், பறக்கவும் முடியாது. பொந்துக்குள் கிடந்த மண்ணையும் பழச்சதையையும் குழைத்து, ஓட்டையைக் கீற்றாகப் பூசினாள்.

காலையில் அப்பா வந்தார். வாயிலிருந்த குச்சியைக் கிளையில் வைத்தார்.

"என்னடி இது? என் பழம் எப்படிப் போகும்?"

"காம்பைக் கிள்ளிவிட்டுப் பழத்தை மட்டும் கொடுங்கள்."

"எங்கப்பா காலத்திலிருந்தே காம்போடுதான்! நான் மாறமாட்டேன். வாசல் மாறட்டும்."

மேல்கிளையிலிருந்து மலையணில் எட்டிப் பார்த்தது. ஊருக்கெல்லாம் சமாதானம் பேசுவதே அதற்கு வேலை. "ஏம்மா, கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா? அவர் கோபித்துக்கொண்டு போனால் குஞ்சுகள் பட்டினிதான்!"

"அனுசரித்ததால்தான் மரநாய் வந்தது, அண்ணே. உங்கள் வாலைக் கொண்டுவந்து வாசலை அடைக்கிறீர்களா?"

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டது. அப்பா பறந்தே போய்விட்டார்.

அன்று முழுக்கக் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. கொத்தித் திறந்துவிடலாமா என்று அம்மாவின் அலகு பூச்சுவரை போய்ப் போய்த் திரும்பியது.

மாலையில் மரநாய் வந்தது. கை நுழையவில்லை. "அண்ணி, வீட்டுக்காரர் வருகிற வாசல் எங்கே?" என்று குழைந்தது.

"அவருக்கென்றுதான் வைத்தேன். அவர் பழத்தைவிட உன் கைதான் ஒழுங்காக நுழைந்தது. போடா!"

மரநாய் பூச்சைச் சுரண்டிப் பார்த்தது. நகம் வலித்ததுதான் மிச்சம். இறங்கிப் போனது.

விடிந்ததும் அப்பா வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காம்பை அலகால் ஒரு கிள்ளு. பழம் கீற்றில் வழுக்கி உள்ளே வந்தது.

"அட, இவ்வளவுதானா?" என்றது மலையணில்.

அம்மா பழத்தைச் சின்னக் குஞ்சுக்கு ஊட்டினாள். அதன் முதுகுக் காயம் இன்னும் ஆறவில்லை.

"ஒரே ஒரு கிள்ளு," என்றாள், கீற்று வழியே அவரைப் பார்த்து. "இதற்குச் சோம்பியா பிள்ளையின் முதுகைக் கீற விட்டீர்கள்?"

நீதி: தப்பாக வருபவனுக்காக அகலமாக்கிய வாசலில் திருடன்தான் சரியாக நுழைவான்.