புகாரே வராத முதலைக்காப்பு

முள்ளிக்காட்டு முயல் பூவாயிக்கு ஐந்து குட்டிகள். அந்தக் கோடையில் ஐந்தும் சேர்ந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தன. "அம்மா, தண்ணி! அம்மா, தண்ணி!"

காட்டில் தண்ணீர் இல்லாமல் இல்லை. குளம் நிறையக் கிடந்தது. ஆனால் குளத்துக்குள் சடையனும் கிடந்தான். சடையன் ஒரு முதலை. போன மழைக்கு வெள்ளத்தோடு வந்தவன், இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டான். அன்றிலிருந்து குளத்தை நெருங்கவே எல்லோரும் பயந்தார்கள்.

விடியற்காலையில் புல்லில் நிற்கும் பனியை நக்கச் சொல்லிப் பூவாயி இதுவரை குட்டிகளைச் சமாளித்தாள். இப்போது பனியும் நின்றுவிட்டது. கடைக்குட்டிக்கு நாக்கு வறண்டு, பாட்டில்கூடச் சேர்ந்துகொள்ள முடியவில்லை. பூவாயிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

அன்று சந்தை நாள். நாவல்மரத்து நிழலில் நரி குணசீலன் கடை விரித்திருந்தான். மேலே 'குணசீலன் அண்ட் சன்ஸ்' என்று பலகை தொங்கியது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டதுதான்.

"வாங்க தங்கச்சி, வாங்க! அசல் முதலைக்காப்பு! கழுத்துல ஒண்ணு போட்டுக்கிட்டா போதும், நீங்க பாட்டுக்குக் குளத்துல இறங்கலாம். உங்களைப் பார்த்ததும் முதலை கண்ணை மூடிக்கும்!"

"வாயை மூடிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பூவாயி.

"அதையும் மூடிக்கும்!"

பூவாயி காப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கற்றாழை நாரில் ஏழு வேப்பங்கொட்டை கோத்திருந்தது. அவ்வளவுதான்.

"நிஜமாவே வேலை செய்யுமா?"

குணசீலன் நெஞ்சில் கை வைத்தான். "ஒன்பது பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா? நீங்களே விசாரிச்சுப் பாருங்க!"

பூவாயி விசாரிக்கத்தான் செய்தாள். பக்கத்தில் தானியக் கடை வைத்திருந்த மைனா, "அது உண்மைதான்க்கா. ஒரு புகாரும் வரலை" என்றது.

"கீரி ஒண்ணு வாங்கினாரே, அவர் என்ன சொன்னார்?"

"அவரு வெளியூர் போயிட்டார் போல. ஆளையே காணோம்."

"மரநாய் வாங்கினாரே?"

"அவரும் ஊர்ல இல்லை. மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார்."

காப்பு வாங்கியவர்களுக்கெல்லாம் நல்ல காலம் பிறந்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள் என்று பூவாயி நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். வீட்டில் ஐந்து வறண்ட நாக்கு காத்திருக்கும்போது யாருக்குத்தான் மூளை வேலை செய்யும்?

ஆனாலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "ஒருவேளை முதலை கடிச்சிடுச்சுன்னா?"

"அப்படிக் கேளுங்க!" என்று குணசீலன் குதூகலமாக இன்னொரு பலகையைக் காட்டினான். 'முதலை கடித்தால், கடிபட்டவர் மறுநாளே நேரில் வந்து வேறு காப்பு பெற்றுக்கொள்ளலாம். முற்றிலும் இலவசம்!'

இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் பூவாயி விழுந்துவிட்டாள். மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அத்தனையையும் கொண்டுவந்து கொட்டி, ஒரு காப்பை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு நேரே குளத்துக்கு நடந்தாள்.

கரையை ஒட்டிச் சடையன் மிதந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். கண்ணை மூடவில்லை. வாயையும் மூடவில்லை.

"வாம்மா, வா. எங்கே, பக்கத்துல வந்து கழுத்தைக் காட்டு. எனக்குக் கொஞ்சம் பார்வை மங்கல்" என்றான் பிரியமாக. குளத்துக்கு வருகிறவர்கள் யாரும் அவனோடு நின்று பேசுவதில்லை. அந்தக் குறை அவனுக்கு நிறைய இருந்தது.

பூவாயி ஓர் அடி வைத்தாள். "ஐயா, இந்தக் காப்பைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்குதா?"

"பயமா? எனக்கா?" சடையன் வாய்விட்டுச் சிரித்தான். வாய் நன்றாக விரிந்தது. கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கற்றாழை நார் தொங்கியது. நாரில் இரண்டு வேப்பங்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தன.

பூவாயி அப்படியே பின்பக்கமாகத் துள்ளினாள். சடையன் பாய்ந்தான். படக்! அவன் வாயில் சிக்கியது சுரைக்குடுக்கை. பூவாயி பிடித்த ஓட்டம் சந்தையில் வந்துதான் நின்றது. கையில் குடுக்கையின் காம்பு மட்டும் மிச்சம்.

"அண்ணாச்சி, உங்க காப்பு வேலை செய்யலை! என் கிழங்கைத் திருப்பிக் கொடுங்க!"

குணசீலன் பதறவில்லை. அவளைச் சுற்றி வந்து, காதைத் தூக்கிப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்தான். "எங்கே கடிச்சுது?"

"கடிக்கலை. குடுக்கையைக் கடிச்சுது!"

"குடுக்கைக்கு நான் காப்பு விக்கலையே தங்கச்சி! உங்களுக்குத்தானே வித்தேன்? உங்க மேல ஒரு கீறல் உண்டா? அப்போ சரக்கு அருமையா வேலை செஞ்சிருக்கு!"

"நான் ஓடினேன்! என் காலு வேலை செஞ்சுது!"

"அந்தக் காலுக்கு அவ்வளவு வேகம் எங்கேயிருந்து வந்துச்சு? எல்லாம் காப்போட மகிமைதான்!"

பூவாயிக்குக் கோபத்தில் மீசை துடித்தது. விறுவிறுவென்று எருமை ஏகாம்பரத்திடம் போனாள்.

சந்தையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தகராறு வந்தால் ஏகாம்பரம்தான் விசாரிப்பார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. வழக்கை முதலில் முழுசாகக் கேட்பார். பிறகு படுத்துக்கொண்டு அசைபோடுவார். அசைபோட்டு முடித்தபின்தான் தீர்ப்பு. போன வருஷம் ஒரு மாம்பழத் தகராறுக்குத் தீர்ப்பு வருவதற்குள் மாம்பழம் அழுகி, கொட்டை முளைத்து, கன்றே வந்துவிட்டது.

சந்தையே கூடி நின்றது. பூவாயி நடந்ததைச் சொன்னாள். குணசீலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, என் பலகையைப் படிங்க. கடிபட்டவங்க நேரில் வந்தா வேற காப்பு தர்றேன்னு எழுதியிருக்கேன். கடிபட்ட ஒருத்தரும் இன்னிக்கு வரைக்கும் வரலை. வந்திருக்கறவங்களோ கடிபடலை. கடிபடலைன்னா சரக்கு நல்ல சரக்கு. இதுல என் மேல என்னய்யா தப்பு?"

"நியாயம்தானே!" என்றது கூட்டத்தில் ஓர் அணில். நான்கைந்து தலைகள் ஆடின.

ஏகாம்பரம் படுத்தார். கண்ணைச் சொருகிக்கொண்டு அசைபோட ஆரம்பித்தார்.

பூவாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வளையில் கடைக்குட்டி எந்த நிலையில் இருக்கிறதோ! இவர் அசைபோட்டு முடிப்பதற்குள் அது தாங்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நரியைப் பார்த்தாள். நரி தன் காப்புகளை வரிசையாக ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"ஐயா!" என்று கத்தினாள். "எனக்குக் கிழங்கு வேண்டாம். வேற காப்பும் வேண்டாம். என் பிள்ளைங்களுக்கு ஒரு குடுக்கை தண்ணி வேணும். அண்ணாச்சி தன் காப்பைத் தானே மாட்டிக்கிட்டுப் போய் மொண்டு வரட்டும்!"

"நானா?" என்றான் குணசீலன். "நான் விக்கிறவன்மா! உபயோகிக்கிறவன் இல்லை!"

"நல்ல சரக்குதானே அண்ணாச்சி?"

"நல்ல சரக்குதான்! ஆனா எனக்கு நீர்க்கோவை. தண்ணி ஆகாது. அதோட இன்னிக்கு அஷ்டமி!"

"ம்!" என்றார் ஏகாம்பரம்.

சந்தையே திகைத்துப்போனது. அசைபோட்டு முடிக்காமல் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து, கொம்பால் குணசீலனின் முதுகை லேசாகத் தொட்டார். லேசாகத்தான். குணசீலன் நடக்க ஆரம்பித்தான். கூட்டமும் பின்னால் வந்தது.

குளக்கரைக்குப் போவதற்குள் குச்சியில் இருந்த பதினான்கு காப்பையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஒண்ணு போதும்னு சொல்லுவீங்களே அண்ணாச்சி?" என்றது மைனா.

"வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல!" என்றான் குணசீலன். அதற்கும் காப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கே தெரியாது. சந்தையில் யாரோ கொடுத்த வேறொரு குடுக்கை அவன் கையில் இருந்தது.

அவன் தண்ணீரில் காலை வைக்கவில்லை. குனியக்கூட இல்லை. அதற்குள் சடையன் தலையைத் தூக்கினான்.

"அடடே, கடைக்காரரா! இந்தக் காப்பெல்லாம் உங்க சரக்குதானா? உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். எனக்கு ஒரு புகார்!"

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"வேப்பங்கொட்டை ஒரே கசப்பு! ஒன்பது தடவையும் சாப்பாடே வாய்க்கு ருசிக்கலை. நார் வேற பல்லுல மாட்டிக்குது. இனிமே அனுப்பும்போது இலந்தைப்பழமா கோத்து அனுப்புங்க!"



"ஒன்பது தடவை" என்றது மைனா மெதுவாக. கீரி வெளியூர் போகவில்லை. மரநாய்க்கு மாமியார் வீட்டில் விருந்தும் நடக்கவில்லை. தன் வாயாலேயே அதையெல்லாம் சொல்லிக் காப்பு வாங்க வைத்தோமே என்று மைனா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. நியாயம்தானே என்ற அணிலுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பேசினது போதும். பதினாலா போட்டிருக்கீங்க? கசப்பைப் பொறுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சடையன் பாய்ந்தான்.

குணசீலன் ஓடவில்லை, பறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வால் நுனியில் ஒரு கொத்து முடி முதலையிடம் போனது. மேட்டில் வந்து விழுந்து, "வேலை செய்யாது! வேலை செய்யாது! செஞ்சவன் எனக்குத் தெரியாதா!" என்று அலறினான்.

பூவாயி அவனைச் சுற்றி வந்தாள். காதைத் தூக்கிப் பார்த்தாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். "உங்களை முதலை கடிக்கலையே அண்ணாச்சி. அப்போ காப்பு வேலை செஞ்சிருக்கு!"

"காப்பு இல்லம்மா! காலு! காலுதான் வேலை செஞ்சுது!"

ஏகாம்பரம் அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். "கிழங்கு அத்தனையும் இன்னிக்கே திரும்பணும். அதோட முடியலை. நீ நாரையும் கொட்டையையும் விக்கலை. பயமில்லாம தண்ணி குடிக்கலாம்னு ஒரு வாக்கை வித்தே. அந்த வாக்கைக் கொடு. பூவாயிக்கும் கொடு, அந்த ஒன்பது வீட்டுக்கும் கொடு."

"எப்படிய்யா கொடுக்க முடியும்?"

"உனக்கு நகம் இருக்குல்ல? ஓடையில மணல் இருக்குல்ல? தோண்டு!"

குணசீலன் வறண்ட ஓடைக்குப் போய்த் தோண்டினான். முழங்கால் ஆழம் தோண்டி, "போதுமா?" என்றான். கரையில் படுத்திருந்த ஏகாம்பரம் அசைபோட்டார். இடுப்பளவு தோண்டி, "போதுமா?" என்றான். ஏகாம்பரம் அசைபோட்டார். கழுத்தளவுக்குக் குழி இறங்கியபோது மணல் ஈரமானது. பிறகு ஊற்று மெல்லக் கசிந்து, குழியில் தெளிந்த தண்ணீர் நின்றது.

பூவாயியின் குட்டிகள் ஐந்தும் விளிம்பில் வரிசையாகப் படுத்துக் குடித்தன. கடைக்குட்டி குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, ரொம்ப நாள் கழித்து வாய் திறந்தது. "அம்மா, பசி!" பூவாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து குடித்தார்கள். குணசீலன் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து சந்தையில் புது விதி ஒன்று வந்தது. எதை விற்றாலும் கடைக்காரர் முதலில் தானே உபயோகித்துக் காட்ட வேண்டும். மறுவாரம் குணசீலன் பழைய பழக்கத்தில் தேள்கடித் தைலம் கொண்டுவந்தான். ஏகாம்பரம் ஆடி அசைந்து கடைக்கு வந்தார். முதுகில் ஒரு தேக்கிலை. இலையின்மேல் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள்.

"எங்கே, போட்டுக் காட்டு" என்றார்.

குணசீலன் அன்றோடு தைலத்தைக் குப்பையில் கொட்டிவிட்டான். இப்போது கோடைதோறும் ஊற்றுத் தோண்டுகிறான். தண்ணீர் வந்தால்தான் கூலியாகக் கிழங்கு, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று பலகையில் எழுதியிருக்கிறான். 'அண்ட் சன்ஸ்' மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

விற்ற பொருள் சொன்னபடி உழைக்கிறதா என்பதற்கு விற்றவரே பொறுப்பு. வாங்கியவர் ஒருவரும் புகார் சொல்லவில்லை என்பதால் மட்டும் எந்தச் சரக்கும் நல்ல சரக்காகிவிடாது.