பனிமலைக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

மொட்டைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இருக்கிறது, தேய்ந்துவிடுமே என்று எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்த் தளவாயும் அவர் மனைவி செண்பகவல்லியும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இமயமலைக்கு நடக்கக் கிளம்பினார்கள்.

கிளம்புமுன் டாக்டரிடம் போனார்கள். "போற இடத்துல தண்ணிய மட்டும் மாத்திராதீங்க" என்று அந்த மனுஷன் சொல்லித் தொலைத்தார். போதாதா? கம்பளியையும் கூடாரத்தையும் வீட்டிலேயே போட்டுவிட்டு, ஆளுக்கொரு இருபது லிட்டர் கேனில் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிப் பைக்குள் திணித்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் ஆறு அனுப்புகிற மலைக்கு இவர்கள் தண்ணீர் சுமந்துபோன லட்சணம் இது.

அங்கே வழிகாட்டியாக வந்தவன் நோர்பு. திருப்பூரில் ஆறு வருஷம் தையல் வேலை பார்த்ததால் அவனுக்குத் தமிழ் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான்.

"நான் கால் வெக்கிற எடத்துலயே நீங்களும் வெய்யுங்க" என்றான். வைத்தார்கள். அவன் அவசரத்துக்குப் பாறை மறைவில் ஒதுங்கினான். அங்கேயும் வந்து நின்றார்கள்.

பனியாற்றில் ஏறியதும் ஒரு கயிற்றை நீட்டினான். "பனியில வெடிப்பு இருக்குதுங்க. விழுந்தா அதோட சரி. ரெண்டு பேரும் சேத்துக் கட்டிக்குங்க."

தளவாய் யோசித்தார். "ஏளா, நாம விழுந்தா கத்தலாம். தண்ணி விழுந்தா கத்துமா?"

"பாவம், வாயில்லாச் சீவன்லா" என்றாள் செண்பகவல்லி. கேன்களை வெளியே எடுத்து, ஒன்றோடொன்று கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் செண்பகவல்லி நாக்கு வறண்டு உட்கார்ந்துவிட்டாள். கேனைத் திறந்தால் உள்ளே முழுக்க ஐஸ்.

"இந்த ஒசரத்துல தண்ணி குடிக்காட்டி உசுருக்கே ஆபத்துங்க. இதோ ஓடை ஓடுதுங்களே, குடிங்க" என்று நோர்பு கெஞ்சினான். பனி உருகிய ஓடை காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அது வேற தண்ணி" என்றார் தளவாய்.

"சரிங்க, கேன்ல இருக்கறத அடுப்புல உருக்கட்டுமா?"

"ஐஸானது ஒரு மாத்தம். உருக்குனா ரெண்டாவது மாத்தம். டாக்டர் ஒண்ணுக்கே ஒத்துக்கல."

"தலை சுத்துதுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் செண்பகவல்லி.

"பொறுளா. தானா மாறுனது தானாத்தான் திரும்பணும்." கேன்களை வெயில் படும்படி சரிவில் வைத்தார். சரிவு வேறென்ன செய்யும்? ஒரு கேன் வழுக்கியது. கயிறு மற்றதையும் இழுத்தது. இரண்டும் வெடிப்புக்குள் போய்ச் சேர்ந்தன.

செண்பகவல்லி அழுதாள். தளவாய்க்கும் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியைத் தாகத்துக்குப் பறிகொடுக்கப் போகிறோம் என்று அவருக்கே உறைத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆழ்ந்து யோசித்தார்.

"ஏளா, ஒரு பானைப் பாலுக்கு எவ்வளவு மோர் ஊத்துவ?"

"ஒரு கரண்டி."

"பானை முழுக்கத் தயிராகுதுல்லா? இப்ப நாப்பது லிட்டர் ஊத்தியிருக்கோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தாள். "மலை பெருசா இருக்கே. பத்துமா?"

"நம்ம கிணத்துத் தண்ணி கெட்டித் தண்ணிளா. பத்தும்."

அப்படியும் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடையில் குனிந்தார்கள். வயிறு முட்டக் குடித்தார்கள். "அப்படியே நம்ம கிணத்து ருசி" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு முகம் தெளிந்தது.

இவர்களோடு கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன நோர்பு, அப்பாடா என்று தானும் ஓடையில் கை வைத்தான். தளவாய் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. இது எங்க ஊர்த் தண்ணி. ஒங்களுக்கு ஒத்துக்காது. குடிச்சே ஆகணும்னா கொதிக்க வச்சுக் குடிங்க."