இழுத்து மூடிய பள்ளிக்கூடம்

கோணச்சாலை தொடக்கப்பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

தலைமையாசிரியர் அனந்தப்பனுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று: அவருடைய கை வைத்த நாற்காலி. பள்ளிக்கூடத்திலேயே அப்படிப்பட்ட நாற்காலி அது ஒன்றுதான். அதில் சாய்ந்துகொண்டு, "நமக்கு ராத்திரின்னா அமெரிக்காவுக்குப் பகல்" என்று பாடம் சொல்லும்போது, சூரியனே தன்னிடம் அனுமதி கேட்டு உதிப்பதுபோல அவருக்கு இருக்கும்.

ஒருநாள் கல்வி அதிகாரியம்மா வந்தார். அரைமணி நேரம் பாடம் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ் வாக்கியம் கேப்பிடல்ல ஆரம்பிக்கணும், ஃபுல் ஸ்டாப்புல முடியணும். இதுகூடப் பிள்ளைங்களுக்குத் தெரியல. பூமி சுழலுதுன்னு நெட்டுருப் போட வச்சா போதுமா? ராத்திரி எப்படி வருதுன்னு அதுங்க கண்ணால பாக்க வேண்டாமா? அடுத்த வாரம் வருவேன். இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்."

மூடினால் பக்கத்தூர்ப் பள்ளிக்குப் போய் ஸ்டூலில் உட்கார வேண்டும். அனந்தப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆலோசனைக் கூட்டம்.

"கேப்பிடல்னா தலைநகரம். வாக்கியத்தைச் சென்னையிலதான் ஆரம்பிக்கணுமாம்" என்றார் அனந்தப்பன்.

"அவ்வளவு தூரம் போவானேன் சார்?" என்றார் சூசைமரியான். அறிவியல் அவர் பொறுப்பு. "பூமிதான் சுழலுதே. நாம எம்பிக் குதிச்சா, இறங்கும்போது கீழே சென்னை வந்திருக்கும்."

எல்லோரும் குதித்தார்கள். கோணச்சாலையிலேயே விழுந்தார்கள். சூசைமரியானுக்குக் கால் பிசகியது.

"நாம இறங்குறதுல அவசரப்பட்டுட்டோம்" என்றார் அவர், காலைப் பிடித்துக்கொண்டு.

கடைசியில் இசக்கியம்மாள் டீச்சர்தான் வழி சொன்னார். "சென்னைன்னு வாயால சொல்லி ஆரம்பிப்போம். ஸ்டாப் நம்ம ஊர்லயே இருக்கு. அங்க போயி முடிப்போம்."

பிள்ளைகள், "சென்னை, தி கவ் இஸ் ஒயிட்" என்று கத்திக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்கள். அங்கே போனதும் அனந்தப்பனுக்கு ஒரு சந்தேகம்.

"டீச்சர், இது வெறும் ஸ்டாப்தானே? அவங்க ஃபுல் ஸ்டாப்னுல்ல சொன்னாங்க?"

பிள்ளைகள் போதவில்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையும் ஓட்டி வந்து ஸ்டாப்பை நிரப்பினார்கள். கூட்டத்தைக் கண்டு பஸ் நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

"ஏறலையா? பின்ன எதுக்கு நிக்கிறீங்க?" என்றார் டிரைவர்.

"வாக்கியம் முடிஞ்சுபோச்சு, அண்ணாச்சி. நீங்க போங்க" என்றார் அனந்தப்பன் பெருந்தன்மையாக.

வாரம் முழுக்க வாக்கியத்துக்கு வாக்கியம் இதே கூத்து. டிரைவருக்கு வெறுத்துப்போய், கோணச்சாலையில் நிறுத்துவதையே விட்டுவிட்டார். அதனால்தான் சொன்னபடி வந்த அதிகாரியம்மாவை அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கினார். உச்சி வெயிலில் திரும்பி நடந்து வந்தவரை, ஸ்டாப்பில் ஆடுகளும் ஆசிரியர்களும் நின்று வரவேற்றார்கள்.

"சென்னை, குட் மார்னிங் மேடம்!"

எதற்குச் சென்னை, எதற்கு ஆடு என்று அனந்தப்பன் விளக்கினார். விளக்க விளக்க அம்மாவின் முகம் சிவந்தது.

"போதும்! இன்னைக்கே பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுங்க!"

சொல்லிவிட்டு, நிற்காத பஸ்ஸுக்காக அங்கேயே நின்றார்.

பள்ளிக்குத் திரும்பிய அனந்தப்பன் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதார். சட்டென்று அழுகையை நிறுத்தினார்.

"மூடச் சொன்னாங்க. எதை வச்சு மூடணும்னு சொல்லலையே?"

"ரைஸ்மில்லுல பெரிய தார்ப்பாய் இருக்கு சார்" என்றார் இசக்கியம்மாள்.

மில்காரர் பாவம், வண்டி தருகிறேன் என்றார்.

"வேண்டாம். இழுத்துத்தான் மூடணும்னு உத்தரவு."

தெருவெல்லாம் இழுத்து வந்தார்கள். பாதி தார்ப்பாய் முள்ளில் கிழிந்தது. மீதியைக் கூரைமேல் ஏற்றி, ஜன்னல், வாசல் எல்லாம் மறைய நாலு பக்கமும் தொங்கவிட்டு, பிள்ளைகளோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கும்மிருட்டு.

இருட்டுக்குள் சூசைமரியானின் குரல் நடுங்கியது. "சார்... ராத்திரி வந்துட்டுது. பூமி சுழன்றுடுச்சு! நாம கண்ணால பாத்துட்டோம்!"

அனந்தப்பன் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து, சாய்ந்து உட்கார்ந்தார். பள்ளி பிழைத்தது, நாற்காலியும் பிழைத்தது.

வீட்டுக்குப் போகும் நேரமும் தாண்டியது. பேச்சியம்மா என்ற சிறுமி தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"சார், வெளியில வெயிலடிக்குது!"

"அது அமெரிக்கா. தலையை உள்ளே இழு."

"அமெரிக்காவுல எங்க அம்மா நிக்கிறாங்க சார்! வாடி வீட்டுக்குன்னு கூப்பிடுறாங்க!"

அனந்தப்பன் அதட்டினார்.

"விசா இல்லாம எங்க போற? உக்காரு கீழே!"