எந்தக் காற்றுக்கு எந்தப் பாய்?

“டீச்சர், எந்தக் காத்துக்கு எந்த முன்பாய்? ஒரே வரியில சொல்லிருங்க. எழுதிப் படகுல ஒட்டிக்கிடுதேன்.”

கேட்டவர் பிரமநாயகம். அனல்மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் மனிதர்கள் தோட்டம் போடுவார்கள், கோயில் கோயிலாகப் போவார்கள். இவர் பாய்மரப் படகு வாங்கினார்.

டீச்சர் என்றால் ஸ்டெல்லா மோத்தா. தூத்துக்குடிக் கடற்கரையில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித் தருகிறவர். பிரமநாயகத்தைவிட வயதில் ரொம்ப இளையவர். கிழிந்த பாய் ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“உங்ககிட்ட என்னென்ன பாய் இருக்கு சார்?”

“மரத்துக்குப் பின்னால எப்பவும் நிக்க பிரதானப் பாயை விட்டுட்டா, முன்பாய் மூணு. பெருசு ஜெனோவா. பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால வரும். அடுத்தது ஜிப். மரத்துக்கு முன்னாலேயே நின்னுரும். சின்னது புயல் பாய். கெட்டித் துணி, பாத்தா துண்டு மாதிரி இருக்கும். இளங்காத்துக்குப் பெருசு, நடுக்காத்துக்கு ஜிப், பேய்க்காத்துக்குச் சின்னது.”

“எல்லாம் தெரியுதே. பெறவு என்ன?”

“எப்ப மாத்துறதுங்கிறதுலதான் குழப்பம். காத்து இருபது நாட் வேகத்துல வந்தா ஜெனோவாவை இறக்கணும்னு படிச்சேன். அதுக்கு முந்தி இறக்குனா வேகம் போயிருமேன்னு எனக்கு மனசு வராது. இருபதுல இறக்கச் சொன்னா காந்திமதி கோவிச்சுக்கிடுதா.”

“காந்திமதி யாரு?”

“வீட்டுக்காரி. அவதான் முன்னால போய்ப் பாய் மாத்துவா. நான் பின்னால சுக்கானைப் புடிச்சுக்கிடுவேன்.”

ஊசி நின்றது.

“இப்ப வரவே மாட்டேங்கா டீச்சர். போன மாசம் ஒரு அலை அடிச்சு அவ மூக்குக்கண்ணாடி கடல்ல போயிட்டு. போனாப் போகுது, வேற வாங்கிக்கிடலாம்னுதான் சொன்னேன். அன்னையில இருந்து படகுப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருதா. ரெண்டு பேருக்காகத்தான் இந்தப் படகை வாங்குனேன். நான் மட்டும் கடல்ல போயி என்ன செய்ய?”

கடைசி வார்த்தைகளில் குரல் இறங்கிவிட்டது. மனிதர் பாயைப் பற்றிக் கேட்க வந்தாரா, பெண்டாட்டியைப் பற்றிக் கேட்க வந்தாரா என்று அவருக்கே தெரியாது போல.

“அன்னைக்குக் காத்தை எங்க உக்காந்து அளந்தீங்க?”

“இது என்ன கேள்வி? சுக்கான்கிட்டதான். வேற எங்க உக்கார?”

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நாளைக்கு மதியம் படகை எடுப்போம். மூணு பாயும் இருக்கட்டும். நீச்சல் தெரியும்லா?”

“தெரியும். எதுக்கு?”

“சும்மா கேட்டேன்.”

*

மாசி மாதம். மதியத்துக்கு மேல் கடற்காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற நேரம்.

பிரமநாயகம் படகில் ஏறியதும் வழக்கம்போலச் சுக்கானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அது எனக்கு,” என்றார் டீச்சர்.

“அப்ப நான்?”

டீச்சர் முகவாயால் படகின் முன்முனையைக் காட்டினார். அங்கத்து ஆட்கள் அதை அணியம் என்பார்கள். படகு வாங்கிய அன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டியபோது பிரமநாயகம் அங்கே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை.

லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டி, இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றையும் டீச்சரே மாட்டிவிட்டார். ஜெனோவாவின் பித்தளைக் கொக்கிகளை, மர உச்சியிலிருந்து அணியத்துக்கு இறங்கும் முன்கம்பியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாயை ஏற்றிவிட்டு, பிரமநாயகம் படகின் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

பாய் புடைத்தது. படகு கிளம்பிய வேகத்தில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் காற்று ஏறியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பை ஒட்டி நுரை ஓடியது.

“டீச்சர், இறக்கிரலாமா?”

“நல்லாத்தான ஓடுது.”

“பதினஞ்சு நாட் இருக்கும் போல.”

“நீங்க படிச்சது இருபதுலா.”

பிரமநாயகம் உட்காரும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காற்று மேலும் ஏறியது. படகு இன்னும் சாய்ந்தது.

“இப்பப் போங்க,” என்றார் டீச்சர்.

அவர் தவழ்ந்து போனார். நின்று போக முடியவில்லை.

அணியம் ஒவ்வொரு அலைக்கும் எழும்பி, தொப்பென்று விழுந்தது. விழும்போதெல்லாம் தண்ணீர் சட்டைக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே போனது. பாயைத் தூக்கிப் பிடித்திருந்த கயிற்றைத் தளர்த்தினார். பாய் பாதி இறங்கி, இறங்க மாட்டேன் என்று படபடவென அடித்துக்கொண்டது. ஒரு பகுதி கடலில் விழுந்து இழுத்தது. ஈர விரலுக்குக் கொக்கிகள் திறக்கவில்லை. பாயின் மூலை சுழன்று வந்து காதில் ஒன்று கொடுத்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் அப்படி ஓர் அடி வாங்கியதில்லை.

“டீச்சர்!”

குரலைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

திரும்பிப் பார்த்தார். டீச்சர் சுக்கானைப் பிடித்தபடி காய்ந்த உடையோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே பத்து எட்டுத் தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே வேறு ஒரு கடல், இங்கே வேறு ஒரு கடல்.

பிரமநாயகத்துக்குப் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. டீச்சர் மேல்தான் கோபம் என்று முதலில் நினைத்தார்.

டீச்சர் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார்.

படகு காற்றுக்கு முதுகு காட்டியது. சத்தம் அடங்கியது. பிரதானப் பாயின் மறைவில் ஜெனோவா காற்றிழந்து துவண்டு அவர் மடியிலேயே விழுந்தது. கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கொடியில் காயும் வேட்டியை எடுப்பது போல எடுத்துச் சுருட்டினார். ஜிப்பை மாட்டி ஏற்றினார்.

படகு நிமிர்ந்து ஓடியது. வேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

“படகைத் திருப்புனதும் காத்தே இல்லாத மாதிரி ஆயிட்டு. அதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?”

“செஞ்சிருக்கலாம்.”

“அப்ப ஏன் செய்யல?”

“நான் நனையலையே.”

கரையில் இறங்கும்போது பிரமநாயகம் கேட்டார்.

“வீட்டுல போய் நான் என்ன சொல்ல?”

“நான் படகுக்குத்தான் சார் டீச்சர்.”

*

காந்திமதி கதவைத் திறந்தாள். உப்புப் பூத்த சட்டையைப் பார்த்தாள். சிவந்து வீங்கிய காதைப் பார்த்தாள்.

“காதுல என்ன?”

“பாய் அடிச்சிட்டு.”

“எனக்குத் தோள்ல. இன்னும் கன்னிப்போய்த்தான் இருக்கு.”

அது அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை படகுக்கு வாரியா? சுக்கானை நீ புடி. நான் முன்னால போறேன்.”

காந்திமதி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சலா?”

“இல்ல.”

“எனக்குச் சுக்கான் புடிக்கத் தெரியாதே.”

“எனக்கும் அணியத்துல நிக்கத் தெரியல.”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டதாக அவருக்குப் பட்டது. ஆசைப்படுகிறவனுக்கு எல்லாம் அப்படித்தான் படும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

*

“எந்தப் பாய்?” என்று கேட்டார் பிரமநாயகம். இத்தனை நாளில் அவளிடம் அவர் கேட்காத கேள்வி.

காந்திமதி கடலைப் பார்த்தாள்.

“பெருசைப் போடுங்க. காத்து மந்தமாத்தான் இருக்கு.”

ஜெனோவா ஏறியது. படகு முதலில் சைக்கிள் பழகுகிற பிள்ளை மாதிரி இப்படியும் அப்படியும் போனது. இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்று நாக்கு நுனி வரை வந்ததையெல்லாம் பிரமநாயகம் விழுங்கிக்கொண்டார். அது பாய் மாற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் படகு நேராக ஓடத் தொடங்கியது. சுக்கானை லேசாகத் தள்ளினால் இவ்வளவு பெரிய படகு சொன்னபடி கேட்பதைப் பார்த்து அவள் ஒருமுறை சிரித்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படகைப் பார்த்துத்தான். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒரு கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க அவர் அணியத்துக்குப் போனார். போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். காற்று சுகமாக முகத்தில் பட்டது.

தூரத்தில் கடல் கறுத்து வந்தது. பலத்த காற்று வருகிற அடையாளம் அது. வந்து சேர இன்னும் நேரம் இருந்தது.

படகு மெல்லத் திரும்பியது. காற்றுக்கு முதுகு காட்டியது. பிரதானப் பாயின் மறைவில் ஜெனோவா துவண்டது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முன்னால் நின்று நின்று, பின்னால் இருக்கிறவர் என்ன செய்தால் தேவலை என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

“இறக்கிருங்க,” என்றாள்.

பிரமநாயகம் திரும்பிப் பார்த்தார். இன்ஜினியர் புத்தி அவரை அறியாமலே வாய்க்கு வந்துவிட்டது.

“இப்பவேவா? காத்து இன்னும் வரவே இல்லையே.”

“முன்னால நிக்கது நீங்கல்லா.”