மேஜை ஊரின் ரயில்வே கேட்

ஒரு மேஜையின் மேல் ஓர் ஊர் இருந்தது. ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்னாசி செய்த ஊர் அது. முழ நீள ரயில், அட்டை ஸ்டேஷன், பஞ்சு மரங்கள் எல்லாம் அங்கே முன்பே குடிவந்துவிட்டன. கடைசியாக வந்தது சாலை.

ஸ்கேல் வைத்துப் போட்ட சாலை. மை போலக் கறுப்பு, நடுவில் பால் போல ஒரு கோடு. கேட்டுக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, விரல்கடை இடம் விட்டு நின்றன.

"என் மேல் ஒரு தூசி உண்டா, பார்த்துச் சொல்," என்றது சாலை.

"தூசி இல்லை," என்றது தண்டவாளம். "சக்கரம் போன தடமும் இல்லை."

இன்னாசி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரிப்பன் ஒட்டின மாதிரில்ல இருக்கு," என்று முனகினார். "நாலு மணிக்கு சாகுல் வரட்டும். லாரி ஓட்டி, பாதி ஆயுசை நம்ம கேட்டுலயே கழிச்ச ஆளு. அவன் நம்பினா சரி. இல்லன்னா இதைச் சுரண்டிட்டு வாய்க்கால் வெட்டிட வேண்டியதுதான்."

அவர் சாப்பிடப் போனார். சாலை தண்டவாளத்திடம் கேட்டது:

"வாய்க்காலா? என் மேல் தவளை நீந்துமா?"

கேட் கம்பி குலுங்கிச் சிரித்தது. இன்னாசி வேலை பார்த்த நிஜ கேட்டில் ஒடிந்த மரச் சிம்பைச் சீவிச் செய்தது அது. "எங்கள் ஊரில் யாராவது இப்படி நிற்பார்களா? முதல் ஆள் இடப்பக்கம் நிற்பார். அடுத்தவர், வலப்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது என்று முன்னால் வந்துவிடுவார். அந்தப் பக்கமும் இதே கதை."

"கேட் திறந்தால்?"

"அப்போதுதான் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள்."

"பிறகு?"

"பிறகென்ன, ஹாரன்தான்."

"என் வெள்ளைக் கோடு?"

"அதன் மேல் ஸ்கூட்டர் நிற்கும்."

சாலை பெருமூச்சு விட்டது. தவளையை ஒரு தடவை நினைத்துப் பார்த்தது. "சரி, வாருங்கள்," என்றது.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வண்டிகள் காத்திருந்தன. பஸ் ஒரே தாவாக வலப்பக்கம் தாவியது. எதிர்ப்பக்கத்துக் கார்கள் சும்மா இருக்குமா? ஆட்டோ ஓரத்தில் இறங்கி ஏறியதில் தார் பெயர்ந்து மண் தெரிந்தது. ஸ்கூட்டர் கம்பிக்கு அடியில் குனிந்து, ஹெல்மெட்டோடு மாட்டிக்கொண்டது. லாரி எண்ணெய் ஒழுக்கியது. பிளாட்பாரத்தில் இருந்த வெள்ளரிக்காய்க்காரி பொம்மை, கூடையோடு குதித்து நடுவே வந்துவிட்டாள்.

"மெதுவாக, கூசுகிறது," என்று சாலை நெளிந்து நெளிந்து சிரித்தது. வெள்ளைக் கோடு பாதி அழிந்தே போயிற்று.

ரயில் போனது. கம்பி உயர்ந்தது. எல்லா வண்டிகளும் முன்னால் பாய்ந்து, மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பழையபடி வரிசைக்குப் போங்கள்," என்று பதறியது சாலை.

"எப்படிப் போவது? பின்னால் லாரி நிற்கிறதே," என்றது பஸ்.

இன்னாசியோடு சாகுல் உள்ளே வந்தார். குனிந்தார். கேட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். சாலை தன் மேல் தண்ணீர் ஏறுவதாகவே நினைத்துக்கொண்டது. சாகுலின் விரல் மெல்ல இறங்கி அந்தக் குட்டி லாரியைத் தொட்டது. அவர் முகம் சிவந்தது.

"இந்த பஸ்காரன் எதுக்குண்ணே ராங் சைடுல ஏறினான்? பின்னால எடுக்கச் சொல்லுங்க. நான் லோடு இறக்கப் போகணும்."

"நான் வரிசையாத்தானேப்பா வெச்சேன்," என்று தலையைச் சொறிந்தார் இன்னாசி. ஆனால் பழக்கம் விடவில்லை. கை தானாகப் பச்சைக் கொடியைத் தேடியது. "கொஞ்சம் பொறு சாகுல், முதல்ல அந்த ஸ்கூட்டரை விடுவோம்."

இரண்டு பேரும் மேஜை மேல் கவிழ்ந்து, பொழுது சாய்கிறவரை கத்திக் கத்தி வண்டிகளை ஒதுக்கினார்கள். சுரண்டும் கத்தி எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

"உடம்பெல்லாம் தடமாகிவிட்டதே உனக்கு," என்றது தண்டவாளம்.

"ஆமாம்," என்றது சாலை. "எத்தனை பேருக்கு என் மேல் போக வேண்டியிருக்கிறது, பார்."